மருத்துவ இன்ஷூரன்ஸுக்கும் அடக்க விலை பார்க்க வேண்டும்



பருப்பு விலை, எண்ணெய் விலை, எடை முத்திரை, ஜி.எஸ்.டி. என்று இந்தப் பக்கங்களில் எத்தனையோ விஷயங்களைப் பேசியிருக்கிறோம். இந்த முறை நான் எழுதுவது வேறு சரக்கைப் பற்றி. அதை வாங்குவதில் ஒருவருக்கு நான் தவறான யோசனை சொல்லி, அவருக்கு நஷ்டம் உண்டாக்கிவிட்டேன். மற்றவர்களுக்கும் அது நேரக்கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

ஒரகடம் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவர் இருபது வருஷமாக எங்களிடம் சரக்கு எடுக்கிறார். கொடுக்கல் வாங்கலில் சுத்தமானவர். சில வருஷங்களுக்கு முன் மருத்துவ இன்ஷூரன்ஸ் எடுக்க விரும்பி, நான்கு ஏஜெண்டுகளிடம் விலை கேட்டு, நான்கு தாள்களோடு என் கடைக்கு வந்தார். "அண்ணாச்சி, இதில் எதை எடுக்கலாம், பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

நான்கும் 3 லட்ச ரூபாய் பாலிசி. நான் ஒவ்வொரு தாளிலும் கடைசி வரியில் இருந்த தொகையை மட்டும் பார்த்தேன். ஒன்று மற்றவற்றைவிட வருஷத்துக்கு 3,000 ரூபாய் குறைவாக இருந்தது. "மூன்று லட்சம் என்றால் எல்லா இடத்திலும் மூன்று லட்சம்தானே தம்பி, குறைந்ததை எடு" என்று சொல்லி அனுப்பினேன். நாற்பது வருஷம் மொத்த வியாபாரம் செய்த எனக்கு, மூட்டையைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று அன்று தோன்றவில்லை.

சென்ற வருஷம் ஆடி மாதம் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. பில் 2,50,000 ரூபாய். பாலிசி 3 லட்சம் இருக்கிறதே என்று குடும்பத்தார் தைரியமாக இருந்தார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுத்ததோ 1,72,000 ரூபாய்தான். மீதி 78,000 ரூபாயைக் கட்டிய பிறகுதான் வீட்டுக்கு வர முடிந்தது.

எங்கே போனது 78,000?

அந்த பாலிசியில் அறை வாடகைக்கு ஒரு வரம்பு இருந்தது. பாலிசித் தொகையில் 1 சதவீதம், அதாவது நாளைக்கு 3,000 ரூபாய். அவசரத்தில் கிடைத்த அறை 6,000 ரூபாய். கூடுதலான 3,000 மட்டும்தான் கைப்பணம் என்று நாம் நினைப்போம். அப்படி இல்லை. அறை வாடகையில் பாதிதான் தகுதி என்றால், அறையை ஒட்டி வரும் டாக்டர் பீஸ், நர்ஸ் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் எல்லாவற்றிலும் பாதியைப் பிடித்துக்கொள்வார்கள். கணக்கைப் பாருங்கள்.

அறை வாடகை 4 நாள்: 24,000. கொடுத்தது 12,000.
டாக்டர், நர்ஸ், தியேட்டர்: 1,20,000. கொடுத்தது 60,000.
ஸ்டென்ட், மருந்து, பரிசோதனை: 1,00,000. முழுதும் கொடுத்தார்கள்.
கையுறை, பதிவுக் கட்டணம் போன்றவை: 6,000. ஒன்றும் இல்லை.

மருந்து, ஸ்டென்ட் போன்ற சாதனங்கள், பரிசோதனை ஆகியவற்றில் இப்படி விகிதப்படி வெட்டக்கூடாது என்று இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2020-ல் விதி செய்தது. அதுவும் இல்லாதிருந்தால் இன்னும் 50,000 போயிருக்கும்.

வருஷத்துக்கு 3,000 மிச்சம் பிடிக்கப் போய், 26 வருஷ மிச்சத்தை ஒரே நாளில் கட்டினார். அது தீபாவளிச் சரக்குக்கு வைத்திருந்த பணம். எங்கள் பேரேட்டில் அவர் பெயரில் முதல் தடவையாக மூன்று மாத பாக்கி ஏறியது. நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு வாயும் இல்லை.

கம்பெனி ஆளுக்கு உண்டு, கடைக்காரருக்கு இல்லை

இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார் வெளிவரத் தொடங்கியது முதல், ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் என்று இந்தச் சாலை நெடுக ஆலைகள் வந்துவிட்டன. அந்த ஊழியர்களை நம்பித்தான் நம் கடைகள் நடக்கின்றன. அவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. இருக்கிறது, அதன் சம்பள வரம்பைத் தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் கம்பெனியே குரூப் இன்ஷூரன்ஸ் எடுத்துக் கொடுக்கிறது. அவர்களுக்கு அரிசி அளந்து கொடுக்கும் கடை முதலாளிக்கு இரண்டும் கிடையாது.

"பையன் கம்பெனியில் என் பெயரும் இருக்கிறது" என்று நம்மில் பலர் நிம்மதியாக இருக்கிறோம். பையன் வேலை மாறினால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். 2014-ல் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை மூடப்பட்டதை நாம் பார்த்தவர்கள். வேலையோடு வந்தது வேலையோடு போகும். 62 வயதில் சர்க்கரையோடு புது பாலிசி கேட்டு நிற்பதைவிட, 45 வயதில் சொந்தமாக ஒன்று வைத்திருப்பது மேல்.

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள சிறு கடைக்காரர்கள் முதலில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர முடியுமா என்று பார்க்க வேண்டும். குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை அதில் உண்டு. பிரீமியம் நாம் கட்ட வேண்டியதில்லை. மற்றவர்களுக்குத்தான் மேலே சொன்ன நான்கு தாள் பிரச்சினை.

நான்கு ஏஜெண்ட், நான்கு கம்பெனி

1986-ல் மெடிக்ளெய்ம் வந்தபோது அதை விற்றவை நான்கு அரசுக் கம்பெனிகள்தான்: நேஷனல், நியூ இந்தியா, ஓரியண்டல், நம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா. 2000-க்குப் பிறகு தனியார் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகள் வந்தன. 2006-ல் சென்னையில் ஸ்டார் ஹெல்த் தொடங்கியது. மருத்துவக் காப்பீட்டை மட்டும் தொழிலாகக் கொண்ட முதல் கம்பெனி அது. அதன் பின் அந்த வகையில் கேர், நிவா பூபா, ஆதித்ய பிர்லா, மணிப்பால் சிக்னா என்று பல வந்துவிட்டன.

ஒரு தனி ஏஜெண்ட், மருத்துவக் காப்பீட்டை மட்டும் செய்யும் கம்பெனிகளில் ஒன்றுக்குத்தான் ஏஜெண்டாக இருக்க முடியும். பொதுக் காப்பீட்டிலும் ஒன்றுதான். ஆகவே அவர் தன் சரக்கைத்தான் உயர்வாகச் சொல்வார். அதில் தப்பில்லை, நாமும் அப்படித்தான். கழிவு அதிகம் வரும் பிஸ்கட்டை நாம் முன் வரிசையில் அடுக்குவதில்லையா? தனிநபர் மருத்துவ பாலிசிக்குக் கமிஷன் 15 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று இருந்த விதி 2023 ஏப்ரலில் நீங்கியது. மொத்தச் செலவு வரம்புக்குள் கம்பெனியே நிர்ணயிக்கலாம் என்று ஆனது. எந்தச் சரக்கில் யாருக்கு என்ன நிற்கிறது என்பது நமக்குத் தெரியாது என்பதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள், போதும். பல கம்பெனிகளின் பாலிசிகளை ஒப்பிட்டுச் சொல்ல உரிமம் பெற்ற புரோக்கர்களும் உண்டு.

"எங்கள் கம்பெனி நூற்றுக்கு இத்தனை ரூபாய் க்ளெய்ம் கொடுக்கிறது" என்ற பேச்சும் வரும். ஆணையத்தின் 2023-24 அறிக்கைப்படி, வாங்கிய 100 ரூபாய் பிரீமியத்துக்கு அரசுக் கம்பெனிகளுக்கு நூறுக்கு மேல் க்ளெய்ம் செலவு. மருத்துவத்தை மட்டும் செய்யும் கம்பெனிகளுக்குச் சுமார் 65. ஆனால் அரசுக் கம்பெனிகளின் கணக்கில் பெரிய நிறுவனங்களின் குரூப் பாலிசிகள் அதிகம். அவற்றில் க்ளெய்ம் எப்போதும் கூடுதல். ஆகவே இந்த ஓர் எண்ணை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அடக்க விலை போடும் விதம்

துவரம் பருப்பு வாங்கும்போது மூட்டை விலையோடு லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, எடைக் குறைவு எல்லாம் சேர்த்துத்தானே அடக்கம் போடுகிறோம்? இதற்கும் அப்படித்தான். பிரீமியத்தோடு பிடித்தங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏஜெண்டிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இவை:

1. அறை வாடகைக்கு வரம்பு உண்டா? நாளைக்கு எத்தனை ரூபாய்?

2. கோ-பே உண்டா? 20 சதவீதம் என்றால், ஒரு லட்சம் க்ளெய்மில் 20,000 நம் கையிலிருந்து.

3. கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று போன்றவற்றுக்குத் தனி உச்சவரம்பு உண்டா?

4. காத்திருப்புக் காலம் எவ்வளவு? ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு 2024 முதல் 3 வருஷத்துக்கு மேல் போகக்கூடாது. குறைவாக வைத்திருக்கும் கம்பெனிகளும் உண்டு.

5. நமக்கு அவசரம் என்றால் ஓடுவது தண்டலம், பூந்தமல்லி, போரூர், காஞ்சிபுரம் பக்கம்தான். அங்கே எந்த ஆஸ்பத்திரிகள் கேஷ்லெஸ் பட்டியலில் இருக்கின்றன? கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் சமயத்தில் மூன்று மணி நேரத்திலும் கம்பெனி பதில் சொல்ல வேண்டும் என்பது 2024 விதி.

6. அடுத்த வயதுப் பிரிவுக்குப் போகும்போது பிரீமியம் எவ்வளவு ஏறும்? இன்றைய விலையை மட்டும் பார்க்காமல், 61 வயதில் என்ன என்பதையும் அட்டவணையில் காட்டச் சொல்லுங்கள். குடும்பத்துக்கு ஒரே பாலிசி எடுத்தால், மூத்தவர் வயதை வைத்துத்தான் விலை. வயதான பெற்றோருக்குத் தனியாக எடுப்பது பெரும்பாலும் நல்லது.

இவற்றுக்கான பதில்களைச் சுருக்கமாகத் தரும் வாடிக்கையாளர் தகவல் தாள் ஒன்றை ஒவ்வொரு பாலிசிக்கும் கம்பெனி கொடுத்தாக வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள். பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம்.

முத்திரை போட்ட எடைக்கல்

இத்தனையையும் ஒப்பிட நேரமில்லை என்பவர்களுக்கு ஒரு வழி. 2020 ஏப்ரல் முதல் 'ஆரோக்ய சஞ்சீவனி' என்ற பாலிசி வந்தது. எந்தக் கம்பெனி விற்றாலும் அடிப்படை நிபந்தனைகள் ஒன்றே: அறை வாடகை பாலிசித் தொகையில் 2 சதவீதம், அதிகபட்சம் நாளைக்கு 5,000, கோ-பே 5 சதவீதம். விலை மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஒரே கம்பெனித் தூளை நான்கு கடையில் விலை விசாரிப்பது போல இதில்தான் விலையை மட்டும் பார்த்து வாங்கலாம். மற்ற பாலிசிகளையும் இதன் பக்கத்தில் வைத்து, அதிகம் கொடுக்கும் பணத்துக்கு என்ன அதிகம் கிடைக்கிறது என்று பாருங்கள்.

இன்னொரு நல்ல செய்தி. தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது. குரூப் பாலிசிகளுக்கு இந்தச் சலுகை தரப்படவில்லை.

கழிவு, கடன், மறைப்பு மூன்றும் வேண்டாம்

நமக்குப் பேரம் பேசும் பழக்கம். "உங்கள் கமிஷனில் பாதியைக் கொடுங்கள்" என்று ஏஜெண்டைக் கேட்காதீர்கள். 1938-ஆம் வருஷ இன்ஷூரன்ஸ் சட்டம் 41-ஆம் பிரிவின்படி அது குற்றம். 10 லட்சம் வரை அபராதம். கடனும் கிடையாது. பிரீமியம் போய்ச் சேர்ந்தால்தான் பாதுகாப்பு தொடங்கும். ரொக்கமாகக் கட்டினால் வருமான வரியில் கழிக்க முடியாது. பழைய வரி முறையில் இருப்பவர்கள் செக் மூலமோ ஆன்லைனிலோ கட்டுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், நோயை மறைக்காதீர்கள். எனக்கு 50 வயதில் சர்க்கரை இருந்தது. "எழுதினால் விலை ஏறும், விட்டுவிடுங்கள்" என்றார் வந்த ஏஜெண்ட். என் வீட்டுக்காரிதான் பிடிவாதமாக எழுத வைத்தாள். பிரீமியம் ஏறியது உண்மை. ஆனால் பின்னால் நான் இரண்டு தடவை படுத்தபோது ஒருவரும் என் பழைய சீட்டுகளைத் தோண்டவில்லை. மறைத்தது தெரிந்தால் க்ளெய்மை மறுக்கக் கம்பெனிக்கு வழி உண்டு. தொடர்ந்து 5 வருஷம் கட்டிய பிறகு, மோசடி என்று நிரூபித்தால் மட்டுமே மறுக்கலாம்.

நியாயமில்லாமல் மறுத்தால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தி இல்லை என்றாலோ சென்னை அண்ணா சாலையில் உள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் அலுவலகத்தில் புகார் செய்யலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை.

இப்போது அவர் நிலை

ஒரகடம் நண்பர் வேறு கம்பெனிக்கு மாறப் பார்த்தார். காத்திருந்த வருஷங்களின் பலனோடு மாற விதி இடம் கொடுக்கிறது. ஆனால் எடுத்துக்கொள்வதா இல்லையா என்பது புதுக் கம்பெனியின் விருப்பம். ஸ்டென்ட் இருப்பதால் இரண்டு கம்பெனிகள் வேண்டாம் என்றுவிட்டன. பழைய கம்பெனி, க்ளெய்ம் வாங்கினார் என்ற காரணத்துக்காகப் புதுப்பிக்க மறுக்க முடியாது. ஆகவே அதையே புதுப்பித்து வருகிறார். கல்லாப் பெட்டியின் உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறார்: "அறை 3,000-க்குள் மட்டும்." மனைவிக்கும் மகனுக்கும் காட்டிவைத்திருக்கிறார்.

நான் அன்று கால் மணி நேரம் செலவிட்டு அந்தத் தாள்களைப் படித்திருந்தால் அந்தச் சீட்டுக்கு வேலை இருந்திருக்காது. அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் பாலிசியைக் கையோடு கொண்டுவாருங்கள். எடுக்காதவர்கள் ஏஜெண்ட் கொடுத்த தாள்களைக் கொண்டுவாருங்கள். வரவு செலவு முடிந்ததும் உட்கார்ந்து சேர்ந்து படிப்போம். நானும் என் கண்ணாடியோடு வருகிறேன்.

இங்ஙனம்,
ஸ்ரீபெரும்புதூர் மொத்த வியாபாரி ஒருவர்