ஊருக்கு ஊர் சைக்கிள் பாதை: போடுவோர் யார், பேணுவோர் யார்?

நெய்த சேலைகளைச் சைக்கிளின் பின்னே கட்டிக்கொண்டு சங்கத்துக்கு வந்து, நூலைப் பெற்றுத் திரும்பும் நெசவாளரையும், விடியுமுன் காய்கறிக் கூடையுடன் சந்தைக்குப் புறப்படும் விவசாயியையும் நம் அங்கத்தினர்கள் நன்கறிவர். அவர்களிற் பலர் மோட்டார் சைக்கிளுக்கு மாறிவிட்டனர் என்பது உண்மையே. ஆயினும் மேனிலைப் பள்ளி மாணவ மாணவியர்க்கு அரசாங்கம் விலையின்றி வழங்கும் சைக்கிள்கள் நம் வீடுகள் பலவற்றில் உள்ளன. ஊர் எல்லை தாண்டியதும் லாரிகள் விரையும் நெடுஞ்சாலையில் அப்பிள்ளைகளை விடப் பெற்றோர் அஞ்சுகின்றனர். அவ்வச்சத்துக்கு இடமின்றி இரண்டு ஊர்களுக்கு நடுவே பாதை அமைப்பது எங்ஙனம், அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதை, இங்கிலாந்தில் நடந்த ஒன்றைக் கொண்டு விளக்க முற்படுகிறோம்.

அந்நாட்டின் மேற்குப் பகுதியில் பிரிஸ்டல், பாத் என்ற இரு நகரங்கள் உள்ளன. இவற்றை இணைத்த பழைய ரயில் பாதையொன்றில் பயணிகள் வண்டி 1966-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. பின்னர் சரக்கு வண்டியும் நின்று, தண்டவாளங்களும் பெயர்க்கப்பட்டன. 1977-இல் பிரிஸ்டலில் 'சைக்கிள்பேக்' என்ற பெயரில் ஒரு குழு தோன்றிற்று. ஜான் கிரிம்ஷா என்ற பொறியாளர் அதன் முன்னணியில் நின்றார். வீணே கிடக்கும் இந்நிலத்தில் நடப்போரும் சைக்கிளோட்டிகளும் செல்லலாகாதா என்பதே அவர்கள் கேள்வி.

இவ்வெண்ணத்தின் சிறப்பைப் பொறியியல் அறியாதவரும் உணரலாம். செங்குத்தான மேட்டில் ரயில் ஏறாது. ஆகையால் பாதையின் சரிவு மிக மெல்லியதாகவே இருக்கும். பாரம் ஏற்றிய சைக்கிளும் அதில் இளைப்பின்றிச் செல்லும். குறுக்கிடும் சாலைகள் பெரும்பாலும் பாலத்தின் மேலோ கீழோ போவதால், வண்டிகளுடன் மோதும் அபாயம் குறைவு. ஸ்டேபிள் ஹில் என்னுமிடத்தில் 471 மீட்டர் நீளமுள்ள சுரங்கமும் ஆயத்தமாகவே இருந்தது. இவையனைத்திலும் மேலாக, நிலம் துண்டுபடாமல் ஊருக்கு ஊர் நீண்டு கிடந்தது. நூறு பட்டாதாரர்களின் வாயிலில் நூறு முறை நிற்க வேண்டியதில்லை. ஒரு வாய்க்காலுக்கேனும் நிலம் கேட்டு அலைந்தவர்கள் இதன் அருமையை அறிவர்.

1979-இல் பாத் நகரப் பக்கமாக முதற்பகுதி வேலை தொடங்கிற்று. தொண்டர்களே மண்வெட்டி ஏந்தினர். பிறகு, வேலையற்றோர்க்கு வேலை தரும் அரசாங்கத் திட்டத்தின் கீழ் ஆட்கள் கிடைத்தனர். ஸ்தல ஸ்தாபனங்களும் கைகொடுத்தன. பகுதி பகுதியாக வளர்ந்து 1986-இல் பாதை முற்றுப்பெற்றது. நீளம் சுமார் 13 மைல். பதின்மூன்று மைலுக்கு ஏழாண்டுகளா என்று சிலர் வியக்கலாம். பணம் மொத்தமாக வராமல் சிறிது சிறிதாக வரும் இடத்தில் வேலையும் அங்ஙனமே நடக்கும். மேலும், முடிந்த பகுதியில் மக்கள் சென்று வரத் தொடங்கியதே அடுத்த பகுதிக்குப் பணம் கேட்க நல்ல சாட்சியாயிற்று. இவ்வழியில் பேருந்துகளை விடலாம் என்றொரு யோசனை 2008-இல் எழுந்தபோது ஆயிரக்கணக்கானோர் எதிர்த்துக் கையெழுத்திட, அது கைவிடப்பட்டது.

இக்குழுவிலிருந்து வளர்ந்த 'சஸ்ட்ரான்ஸ்' என்ற தர்ம ஸ்தாபனம், நாடெங்கும் சைக்கிள் பாதைகளைப் பின்னுவதற்கு 1995-இல் லாட்டரி நிதியிலிருந்து 4 கோடியே 35 லட்சம் பவுன் மான்யம் பெற்றது. மீதிச் செலவை ஸ்தல ஸ்தாபனங்களும் பிறரும் ஏற்றனர். 2000-ஆம் ஆண்டில் 5,000 மைல் எட்டியது. 2018-இல் 16,575 மைல் ஆயிற்று. கணக்கைப் பார்த்தால் மகத்தான வெற்றி.

நிற்க. அந்த மைல்கள் எத்தகையவை? பழைய ரயில் பாதைகள் எல்லா ஊர்களுக்கும் இல்லை. அவை கிட்டாத இடங்களில் சாதாரணச் சாலையோரம் பலகை நட்டு, அதையும் வலையில் சேர்த்துக்கொண்டனர். 2018-இல் வாகனமற்ற தனிப்பாதை மூன்றில் ஒரு பங்களவே இருந்தது. அவ்வாண்டில் அந்த ஸ்தாபனமே தன் பாதைகளைச் சோதித்தது. விவேகமுள்ள பன்னிரண்டு வயதுப் பிள்ளை துணையின்றிச் செல்லத்தக்கதா என்பது அவர்கள் கொண்ட அளவுகோல். இதனினும் நேர்மையான அளவுகோலை நாம் எங்கும் கண்டதில்லை. வலையில் 42 சதவிகிதம் மோசம், 4 சதவிகிதம் மிக மோசம் என்று முடிவாயிற்று. தடுப்புகளையும் எண்ணினர்: ஏறத்தாழ 16,000! மோட்டார் சைக்கிள் நுழையாதிருக்க வைத்த குறுகிய வாயில்கள், சக்கர நாற்காலியையும் மூட்டை கட்டிய சைக்கிளையும் சேர்த்தே தடுத்தன.

பின்னர், 2020-இல், வலையில் ஏறக்குறைய கால் பங்கை அவர்கள் தம் கணக்கிலிருந்து நீக்கினர். தம் ஆஸ்தியைத் தாமே குறைத்து எழுதிய அச்செயலை நாம் பெரிதும் மதிக்கிறோம். வாராக் கடனை ஆண்டுதோறும் வரவேண்டிய பாக்கியாகக் காட்டிக்கொண்டிருக்கும் சங்கங்களை நாம் அறியோமா?

இந்நிலை ஏன் நேர்ந்தது என்பதை அங்கத்தினர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். மான்யம் ஒருமுறை வருவது. மராமத்து ஆண்டுதோறும் வருவது. பாதையில் ஒரு சிறு பகுதியே அந்த ஸ்தாபனத்தின் சொந்தம். மற்றவை பல கவுன்சில்களுக்கும் நிலச்சொந்தக்காரர்களுக்கும் உரியவை. வேர் கிளம்பித் தளம் வெடித்தால், மழைநீர் தேங்கினால், எவர் செலவு? தறி வாங்கக் கடன் கிடைத்ததும் அச்சும் விழுதும் மாற்றப் பணம் ஒதுக்காத நெசவாளரின் நிலையே இது. பாதைக்கும் சேமநிதி ஒன்று தொடக்கத்திலேயே வேண்டும்; திட்ட மதிப்பீட்டில் அது தனி இனமாக இருத்தல் அவசியம்.

கூட்டுறவுக்குப் பேர்போன டென்மார்க்கில் வேறு முறையைக் கைக்கொண்டனர். கோபன்ஹேகனைச் சுற்றியுள்ள நகராட்சிகள் ஒன்றுகூடிப் பொதுச் செயலகம் ஒன்றை ஏற்படுத்தின. தன் எல்லைக்குட்பட்ட பகுதியை அந்தந்த நகராட்சியே போடும், பேணும். அரசாங்கம் செலவில் ஒரு பகுதியைத் தரும். பாதையின் தரமும் அடையாளமும் எங்கும் ஒன்றாயிருக்கச் செயலகம் பார்த்துக்கொள்ளும். கோபன்ஹேகனுக்கும் ஆல்பர்ட்ஸ்லுண்டுக்கும் இடையே முதற்பாதை 2012-இல் திறக்கப்பட்டது. ஒரு நகராட்சி தன் துண்டைப் போடாமல் விட்டால் மற்றவர் செலவும் வீணாகும் என்ற இடர்ப்பாடு இதிலும் உண்டு. நடுவில் ஒரு மைல் அபாயமாயிருப்பின், அவ்வழியே எந்தத் தாயும் பிள்ளையை அனுப்பமாட்டாள்.

நம் பக்கத்திலும் ஒரே வழி பலருக்குரியது. ஊருக்குள் நகராட்சி அல்லது பேரூராட்சி. வெளியே நெடுஞ்சாலைத் துறையோ ஊராட்சி ஒன்றியமோ. வாய்க்கால் கரையாயின் நீர்வளத் துறை. ஆகவே மனு எழுதுமுன், அங்கத்தினர்களின் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லும் வழி ஒன்றைத் தேர்ந்து, அதன் ஒவ்வொரு பர்லாங்கும் யாருடையது, எந்தப் பாலத்தில் லாரிக்கு ஒதுங்க இடமில்லை, எந்தச் சந்திப்பில் விபத்து நேர்ந்தது என்று ஒரு தாளில் குறித்தல் நலம். கணக்கெழுதத் தெரிந்த இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இருந்தால் இது முடியும். அடுத்த பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்க விரும்பும் சங்கங்கள், அந்தத் தாளையும் உடன் வைக்கலாம்.