ஒரு சுடிதாரின் விலையில் ஒரு ஹால்

2023-24ஆம் ஆண்டின் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, நகரத்தில் வாழும் இந்தியர் ஒருவர் ஒரு மாதத்தில் செய்யும் சராசரிச் செலவு 6,996 ரூபாய். அரிசி, பால், வாடகை, பஸ், மருந்து எல்லாம் அதற்குள் அடக்கம். பெங்களூரு கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் வரிக்கு முன் 6,000 ரூபாய் விலையுள்ள ஒரு சுடிதார் செட் எடுத்தால் பில் 7,080 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாயைத் தாண்டும் ஆயத்த உடைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் என்பதால், வரி மட்டுமே 1,080 ரூபாய். ஒருவரின் ஒரு மாத வாழ்க்கைச் செலவை ஒரே உடை விழுங்கிவிடுகிறது.

அதே தேதியில் பிரம்பு, மூங்கில் நாற்காலிகளுக்கான வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. மண்பானைக்கும் அகல்விளக்குக்கும் வரியே கிடையாது. மரக் கட்டிலும் சோபாவும் 18 சதவீதத்திலேயே நிற்கின்றன. கையில் 7,080 ரூபாய் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு இந்த வரி அட்டவணையே பாதி வழியைக் காட்டிவிடுகிறது.

அந்தப் பணத்தை வாடகை வீட்டு ஹால் ஒன்றுக்கு இப்படிப் பிரிக்கலாம். பிரம்பு நாற்காலி ஒன்று 2,500, வரியோடு 2,625. ஜன்னல் திரைக்கு 4 மீட்டர் பருத்தித் துணி, மீட்டர் 250 வீதம் 1,000. தையல் கூலி 300. தரைக்கு ஒரு பவானி ஜமக்காளம் 1,100. மூலையில் வைக்க ஒரு எல்இடி விளக்கு 900. மண்தொட்டிகளும் செடிகளும் 700. ஆகமொத்தம் 6,625. மீதி 455 ரூபாய்க்கு ஆணி அடிக்காமல் திரை மாட்டும் ஸ்பிரிங் கம்பி. கடைக்குக் கடை விலை மாறும். இவற்றை ஒவ்வொன்றுக்குமான உச்சவரம்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வகுத்துப் பார்ப்போம். விசேஷ உடையை ஆண்டுக்கு 6 தடவை, 3 ஆண்டு உடுத்தினால் 18 தடவை. ஒரு தடவைக்கு 393 ரூபாய். ஹால் சாமான்கள் 5 ஆண்டு உழைத்தால் 1,825 நாள். நாளுக்கு 3 ரூபாய் 88 காசு. 3 ஆண்டிலேயே எல்லாம் வீணாகிப்போனாலும் நாளுக்கு 6 ரூபாய் 47 காசுதான். அந்த எல்இடி விளக்கு 9 வாட் என்று வைத்துக்கொண்டால், தினம் 5 மணி நேரம் எரிந்தால் ஆண்டுக்கு 16.4 யூனிட், மாதத்துக்கு ஒன்றரை யூனிட்டுக்கும் குறைவு. கர்நாடகத்தின் கிருஹஜோதி இலவச மின்சாரத் திட்டத்தில் இருக்கும் வீடுகளுக்கு இது பொருட்டே இல்லை.

ஸ்பிரிங் கம்பிக்கு ஏன் காசு ஒதுக்க வேண்டும்? பெங்களூருவில் வீட்டைக் காலி செய்யும்போது பெயின்ட் செலவு என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸிலிருந்து பிடித்துக்கொள்வது பரவலான வழக்கம். வாடகை 25,000 என்றால் பிடித்தம் 25,000. மேலே போட்ட ஹால் பட்ஜெட்டைப் போல மூன்றரை மடங்கு. சுவரில் ஆணித் துளையும் சேர்ந்துவிட்டால் பேசக்கூட இடமிருக்காது. 11 மாத ஒப்பந்தத்தில் குடியிருப்பவர்கள் சுருட்டவும் மடக்கவும் ஒற்றை ஆளாகத் தூக்கவும் முடிகிற சாமான்களை வாங்குவதே சரி. சுவரோடு பொருத்தும் அலமாரி சொந்த வீட்டுக்காரருக்கான செலவு.

பெங்களூரு நாகசந்திராவில் 2022 ஜூன் 22 அன்று திறந்த ஐகியா கடையின் பரப்பு 4.6 லட்சம் சதுர அடி. 7,000க்கும் மேற்பட்ட பொருள்கள். மெட்ரோவிலேயே போய் இறங்கலாம். அங்கே அளவில்லாமல் நுழைந்தால், உடைக்கடையில் மிச்சம் பிடித்த பணம் மெழுகுவத்திக்கும் குட்டி ஜாடிக்கும் போய்விடும். வீட்டுச் சாமானும் வீண்செலவாகலாம் என்பதை இந்தக் கணக்கு மறைக்கக் கூடாது. மண்தொட்டிக்கு பாட்டரி டவுன், மூங்கில் தட்டிக்கு பாம்பூ பஜார், செடிக்கு லால்பாக் பக்கத்துச் சித்தாபுரா நர்சரிகள் என்று தேவையை எழுதிக்கொண்டு போனால் கை கட்டுக்குள் இருக்கும். அரக்குப் பூசிய மரவேலை வேண்டுமென்றால், சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி புவிசார் குறியீடு பெற்ற சென்னபட்டணம் இருக்கிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த கணக்கு பழைய புடவை. நூல் புடவை ஒன்றின் நீளம் 5.5 மீட்டர், அகலம் ஏறத்தாழ 45 அங்குலம். 4 அடிக்கு 4 அடி ஜன்னலுக்குச் சுருக்கம் அழகாக விழ ஏறக்குறைய இரட்டிப்பு அகலம் வேண்டும். அதாவது புடவை அகலத்தில் இரண்டு தொங்கல். ஜன்னலுக்குக் கீழே கொஞ்சம் இறங்கவும் மேலும் கீழும் மடித்துத் தைக்கவும் ஒவ்வொன்றுக்கும் 6 அடி. இரண்டுக்கும் சேர்த்து 12 அடி, 3.66 மீட்டர். மிஞ்சுவது 1.84 மீட்டர். 16 அங்குலக் குஷன் உறைக்கு, பின்பக்கம் மடிப்பு வைத்துத் தைக்க 46 சென்டிமீட்டர் நறுக்கினால் போதும். நான்கு உறைகள் வரும். நீளவாக்கில் தொங்கவிடுவதால் புடவைக் கரையே திரைக்கு பார்டராகிவிடும். துணிச் செலவு 1,000 ரூபாய் அப்படியே மிச்சம்.

இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 78 லட்சம் டன் ஜவுளிக் கழிவு சேர்கிறது என்று 2022இல் வெளிவந்த ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அதில் 51 சதவீதம், ஏறத்தாழ 40 லட்சம் டன், நம் வீடுகளிலும் மற்ற இடங்களிலும் உபயோகித்துக் கழித்த துணி. பீரோவின் அடித்தட்டில் கிடக்கும் புடவையும் நாளை இந்தக் கணக்கில்தான் சேரும்.

அடுத்த உடையை வாங்கக் கிளம்புமுன் அந்த அடித்தட்டிலிருந்து நைந்துபோகாத புடவை ஒன்றை எடுத்துத் தெருமுனைத் தையல்காரரிடம் கொடுங்கள். ஜன்னலை மட்டும் மறக்காமல் அளந்துகொண்டு போங்கள்.