லாகூரில் இரண்டரை மணி நேரம்

2015-ஆம் ஆண்டு டிசம்பர் 25. இந்தியாவின் நிதியுதவியுடன் காபூலில் கட்டப்பட்ட ஆப்கானிஸ்தான் நாடாளுமன்றக் கட்டடத்தைத் திறந்து வைத்துவிட்டு, பிரதமர் நரேந்திர மோடி நேராகத் தில்லி திரும்புவதாகத்தான் நிகழ்ச்சி நிரலில் இருந்தது. அன்று பிற்பகல் அவரது ட்விட்டர் பக்கத்தில் ஓர் அறிவிப்பு வெளியானது. திரும்பும் வழியில் லாகூரில் இறங்கி, பாகிஸ்தான் பிரதமர் நவாஸ் ஷெரீஃபைச் சந்திக்கவிருப்பதாக அதில் கூறியிருந்தார். ஊடகங்களும் எதிர்க்கட்சிகளும் அந்த அறிவிப்பைப் பார்த்துத்தான் செய்தியை அறிந்தன.

2004 ஜனவரியில் சார்க் மாநாட்டுக்காக அடல் பிகாரி வாஜ்பாய் இஸ்லாமாபாத் சென்று வந்த பிறகு, ஏறத்தாழ 12 ஆண்டுகளாக எந்த இந்தியப் பிரதமரும் பாகிஸ்தான் மண்ணை மிதித்ததில்லை. 10 ஆண்டுகள் பிரதமராக இருந்த மன்மோகன் சிங் பிறந்த காஹ் கிராமம் இன்றைய பாகிஸ்தானில்தான் இருக்கிறது. அமிருதசரஸில் காலை உணவு, லாகூரில் மதிய உணவு, காபூலில் இரவு உணவு என்று ஒரே நாளில் சென்றுவரும் காலம் வர வேண்டும் என்று 2007-இல் தமது கனவை வெளியிட்டவர் அவர். அந்தக் கனவின் பாதையில், எதிர்த் திசையிலிருந்து, மோடியின் விமானம் வந்து இறங்கியது.

நகரைக் காணாத பயணம்

ஒரு கோடிக்கும் அதிகமான மக்கள் நெருக்கியடித்து வாழும் நகரம் லாகூர். 1929-இல் காங்கிரஸ் மகாசபை பூரண சுயராஜ்யத் தீர்மானத்தை நிறைவேற்றியதும், 1940-இல் முஸ்லிம் லீக் பின்னாளில் பாகிஸ்தானுக்கு அடித்தளமான தீர்மானத்தை நிறைவேற்றியதும் இங்குதான். அந்த நெரிசலின் ஊடே செல்லும் வாய்ப்பு இந்தியப் பிரதமருக்கு வாய்க்கவில்லை. விமான நிலையத்தில் கட்டித்தழுவி வரவேற்ற நவாஸ் ஷெரீஃப், அவரை ஹெலிகாப்டரில் ஏற்றி, நகருக்கு வெளியே ராய்விண்டில் உள்ள தமது மாளிகைக்கு அழைத்துச் சென்றார்.

அந்த மாளிகையின் பெயர் ஜாதி உம்ரா. இந்தியப் பஞ்சாபில் உள்ள ஷெரீஃப் குடும்பத்தின் பூர்விகக் கிராமத்தின் பெயர் அது. அன்று நவாஸ் ஷெரீஃபின் பிறந்த நாள்; வீட்டில் பேத்தியின் திருமண விழாவும் நடந்துகொண்டிருந்தது. வாழ்த்து, தேநீர், உரையாடல் என ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. அன்றிரவு தில்லி திரும்பிய மோடி, அதே நாளில் பிறந்த வாஜ்பாயின் இல்லத்துக்குச் சென்று அவருக்கும் வாழ்த்துத் தெரிவித்தார்.

வாஜ்பாயின் பெயர் அன்று நினைவுகூரப்பட்டது தற்செயல் அல்ல. 1999 பிப்ரவரியில் பேருந்தில் வாகா எல்லையைக் கடந்து லாகூர் சென்றவர் அவர். பாகிஸ்தான் உருவானதை இந்தியா ஏற்கிறது என்பதை உணர்த்தும் வகையில் மினார்-இ-பாகிஸ்தான் நினைவுச் சின்னத்துக்கும் சென்றார். லாகூர் பிரகடனம் கையெழுத்தான சில மாதங்களிலேயே கார்கில் போர் மூண்டது. அப்போதும் பாகிஸ்தான் பிரதமராக இருந்தவர் நவாஸ் ஷெரீஃப்தான்.

எட்டே நாள்கள்

லாகூர் சந்திப்பு வெறுங்கையுடன் முடியவில்லை. இரு நாட்டு வெளியுறவுச் செயலர்களும் 2016 ஜனவரி மத்தியில் இஸ்லாமாபாதில் சந்திப்பார்கள் என்று அறிவிக்கப்பட்டது. அதற்கான தளமும் முன்பே அமைக்கப்பட்டிருந்தது. டிசம்பர் 6-ஆம் தேதி பாங்காக்கில் இரு நாட்டுத் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர்களும் சந்தித்துப் பேசினர். அடுத்த சில நாள்களில் இஸ்லாமாபாத் சென்ற வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ், விரிவான இருதரப்புப் பேச்சுவார்த்தைக்கு உடன்பாடு கண்டு திரும்பினார்.

ஆனால் ஜனவரி 2-ஆம் தேதி அதிகாலை பதான்கோட் விமானப் படைத் தளம் தாக்கப்பட்டது. பாதுகாப்புப் படையினர் 7 பேர் உயிரிழந்தனர். ஜெய்ஷ்-இ-முகமது அமைப்பின் மீது இந்தியா குற்றம் சாட்டியது. வெளியுறவுச் செயலர்களின் பேச்சு ஒத்திவைக்கப்பட்டது. ஒத்திவைக்கப்பட்ட அந்தப் பேச்சுவார்த்தை பிறகு உயிர்பெறவே இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் உரி, 2019-இல் புல்வாமா, பாலாகோட், 2025-இல் பஹல்காம், ஆபரேஷன் சிந்தூர் என அடுத்தடுத்த நிகழ்வுகள் இரு நாடுகளையும் வெகுதூரம் விலக்கிவிட்டன. 2019 செப்டம்பரில், அமெரிக்கா செல்லவிருந்த மோடியின் விமானம் தன் வான்வெளியில் பறக்கவே பாகிஸ்தான் அனுமதி மறுத்தது.

மோடியின் லாகூர் பயணத்தில் விமானப் படை விமானம் பறந்ததற்காக பாகிஸ்தான் விதித்த வான்வழிக் கட்டணம் ரூ. 1.49 லட்சம். 2018-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் மூலம் இந்தக் கணக்கு வெளிவந்தது.

அவைக்கு வராத பயணம்

பயணம் திடீரென அமைந்ததா, முன்பே பேசி முடிவானதா என்ற விவாதம் அப்போதே எழுந்தது. சுஷ்மா ஸ்வராஜ் அதை ராஜதந்திரத்தின் உயர்ந்த உதாரணமாகப் பாராட்டினார். காங்கிரஸ் கண்டித்தது. கூட்டணிக் கட்சியான சிவசேனையும் முகம் சுளித்தது. காஷ்மீர்த் தலைவர்கள் பலர் வரவேற்றனர். ஆனால் இவற்றுள் ஒரு குரல்கூட அன்று நாடாளுமன்றத்தில் ஒலிக்கவில்லை. காரணம், குளிர்காலக் கூட்டத்தொடர் அதற்கு இரண்டு நாள் முன்னதாக, டிசம்பர் 23-ஆம் தேதியே முடிந்துவிட்டது. தமது இஸ்லாமாபாத் பயணம் பற்றி டிசம்பர் 14-ஆம் தேதி இரு அவைகளிலும் சுஷ்மா அறிக்கை அளித்திருந்தார். அதைவிடப் பெரிய பயணம் பற்றிக் கேட்க அவை இல்லை.

பிப்ரவரி 23-இல் பட்ஜெட் கூட்டத்தொடர் தொடங்கியபோது பதான்கோட் நடந்து முடிந்திருந்தது. ராகுல் காந்தி மக்களவையில் லாகூர் தேநீரைக் குறிப்பிட்டு விமர்சித்தார். அதற்குள் அது பயணத்தைப் பற்றிய ஆய்வாக இல்லாமல், தாக்குதலுக்குப் பிந்தைய ஏசலாக மாறிவிட்டிருந்தது.

இதற்கு மாறான முன்னுதாரணமும் உண்டு. 2009 ஜூலையில் எகிப்தின் ஷர்ம்-அல்-ஷேக் நகரில் பாகிஸ்தான் பிரதமருடன் மன்மோகன் சிங் வெளியிட்ட கூட்டறிக்கையில் பலூசிஸ்தான் இடம்பெற்றது கடும் எதிர்ப்பைக் கிளப்பியது. மறுநாளே அவர் நாடாளுமன்றத்தில் அறிக்கை அளித்தார். அதே மாத இறுதியில் மக்களவை விவாதத்துக்குப் பதிலும் சொன்னார். அவருக்கு அது இனிமையான அனுபவமல்ல. ஆயினும், எதற்கு ஒப்புக்கொண்டோம், எதற்கு ஒப்புக்கொள்ளவில்லை என்பது அவைக் குறிப்பில் பதிவானது.

தழுவலும் தாளும்

துணிந்து சென்றது தவறு என்று லாகூர் பயணத்தை ஒதுக்கிவிட முடியாது. அண்டை நாட்டுத் தலைவரின் வீட்டுக்கு அழைப்பு வந்த சில மணி நேரத்தில் செல்லும் துணிவு எல்லாருக்கும் வருவதில்லை. பதான்கோட்டுக்கு அந்தப் பயணம்தான் காரணம் என்று சொல்லவும் ஆதாரமில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. இரு தலைவர்களின் நட்பை மட்டுமே நம்பி எழுப்பிய கட்டடம், ஒரு தாக்குதலைத் தாங்கும் வலுவைப் பெற்றிருக்கவில்லை.

வலுவுள்ளவை எவை என்பதை அதே உறவில் காணலாம். புல்வாமா தாக்குதல் நடந்து சரியாக ஒரு மாதத்தில், 2019 மார்ச் 14-ஆம் தேதி, கர்தார்பூர் வழித்தடம் குறித்து அதிகாரிகள் அட்டாரியில் கூடிப் பேசினர். அக்டோபரில் ஒப்பந்தம் கையெழுத்தாகி, நவம்பரில் வழித்தடம் திறந்தது.

இன்னொன்று அதைவிட அமைதியானது. 1988-இல் கையெழுத்தான உடன்பாட்டின்படி, 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி 1-ஆம் தேதி இரு நாடுகளும் தத்தமது அணுசக்தி நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. சிறைகளில் உள்ள கைதிகள், மீனவர்களின் பட்டியல் ஆண்டுக்கு இருமுறை கைமாறுகிறது. பதான்கோட்டுக்கு முந்தைய நாளும் பட்டியல்கள் கைமாறின. ஆபரேஷன் சிந்தூர் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகாத 2025 ஜூலை 1-ஆம் தேதியும் கைதிகள் பட்டியல் கைமாறியது. புகைப்படக்காரர்கள் எவரும் அங்கு கூடவில்லை. ஆயினும், பிடிபட்ட படகில் சென்ற தன் மகன் எந்தச் சிறையில் இருக்கிறான் என்பதை குஜராத் கடலோரத்தில் உள்ள ஒரு தாய் அறிந்துகொள்வது அந்தப் பட்டியலிலிருந்துதான்.