சிலிண்டர் ஹோனிங்: துளை நேராவது எப்படி?

எஞ்சின் சிலிண்டர் எல்லா இடத்திலும் ஒரே அளவாகத் தேய்வதில்லை. பிஸ்டன் மேல் எல்லையைத் தொட்டுத் திரும்பும் இடத்தில், எரியும் வாயுவின் அழுத்தம் ரிங்குகளைச் சுவரோடு இறுக்குவதாலும், வெப்பத்தில் எண்ணெய்ப் படலம் மெலிவதாலும், துளை அங்கே மிகுதியாக அகன்றுவிடுகிறது. பிஸ்டன் பக்கவாட்டில் சாய்ந்து அழுத்துவதால் வட்டமும் குலைகிறது. இத்தகைய துளையைப் போரிங் எந்திரத்தில் கடைந்து, 0.25 அல்லது 0.50 மி.மீ. பெரிய பிஸ்டனைப் பொருத்துவது வழக்கம். உளி இறுதி அளவு வரை வெட்டாமல் ஏறத்தாழ 0.05 முதல் 0.1 மி.மீ. வரை விட்டுவைக்கும், அதைச் சாணைக்கற்களால் தேய்த்து எடுப்பதே ஹோனிங்.

நீண்ட கற்கள் பதித்த, விட்டத்தைக் கூட்டக்கூடிய தலை ஒன்று துளைக்குள் சுழன்றுகொண்டே மேலும் கீழும் ஓடுகிறது. அது துளையின் அச்சையே பின்பற்றுவதால், இடம் தவறிக் கடைந்த துளையை அதனால் திருத்த இயலாது. ஆனால் தலை விறைப்பாக இருந்தால், கற்கள் குறுகிய இடங்களையே முதலில் தேய்ப்பதால் துளை நேராகிறது. வில்விசையால் விரியும் மலிவான கருவிகளோ மேட்டையும் பள்ளத்தையும் ஒன்றுபோல் தடவிச் செல்பவை; பளபளப்பை நீக்க உதவுமேயன்றி, அவற்றால் துளையை நேராக்க முயல்வது வீண்வேலை.

வடிவத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வீச்சின் நீளமே. கல்லின் மூன்றில் ஒரு பங்கு, துளையின் இரு முனைகளுக்கும் வெளியே வந்து திரும்ப வேண்டும் என்பது பொதுவான கணக்கு. மிகுதியாக வந்தால் முனைகள் மணிவாய்போல் விரியும், குறைந்தால் நடுப்பகுதி பீப்பாயாகப் பெருக்கும். கீழே இடம் போதாத எஞ்சின்களில், குட்டையான கற்களைப் பூட்டியோ, அடிப்பகுதியில் சற்றுக் கூடுதலாக ஓட்டியோ அங்கே எஞ்சும் குறுகலை எடுப்பர்.

சுழற்சியும் வீச்சும் சேர்ந்து, எண்ணெயைத் தேக்கிவைக்கும் குறுக்குக் கீறல்களை, பெரும்பாலும் 45 பாகை அளவில், சுவரில் வரைகின்றன. அளவு பார்ப்பதில் அவசரம் ஆகாது: 100 மி.மீ. விட்டமுள்ள வார்ப்பிரும்புத் துளை 10 பாகை செல்சியஸ் சூடேறினாலே ஏறத்தாழ 0.01 மி.மீ. விரியும் என்பதால், ஆறவிட்டு, மேல், நடு, கீழ் என மூன்று ஆழங்களில், இரு திசைகளிலும் போர் கேஜால் அளக்க வேண்டும். சிலிண்டர் ஹெட்டைப் பூட்டி முறுக்கும்போதும் துளை கோணுவதுண்டு. அதனால் நுட்பமான பட்டறைகளில் ஹெட்டுக்குப் பதிலாகத் தடித்த தகடொன்றைப் பூட்டிக்கொண்டே ஹோனிங் செய்கின்றனர்.

எஞ்சியிருப்பது கழுவுதல். பெட்ரோல் எண்ணெயை மட்டும் கரைத்து, சாணைத்தூளைக் கீறல்களிலேயே விட்டுவிடும். ஆகவே சோப்பு கலந்த வெந்நீரால் தேய்த்து, வெள்ளைத்துணியில் கறை படியாத நிலை வந்தபின், துருப்பிடிக்குமுன் உடனே எண்ணெய் பூச வேண்டும்.