துறைமுக இரைச்சல்: கப்பல் ஜெனரேட்டரை நிறுத்துவதே முதல் தீர்வு

புதுதில்லி: மும்பை, விசாகப்பட்டினம், கொல்கத்தா போன்ற பழைய துறைமுகங்களின் அருகிலேயே குடியிருப்புகள் அமைந்துள்ளன. ஒலி மாசு விதிகள், 2000-இன்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை தொழிற்பகுதியில் 70 டெசிபலும், குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபலும் உச்சவரம்பாகும். சரக்குக் கையாளுதலோ இரவிலும் நிற்பதில்லை.

கன்டெய்னர்கள் மோதும் ஓசையும் கிரேன்களின் எச்சரிக்கை ஒலியும் உடனே கவனத்துக்கு வந்துவிடும். ஆனால், கரையோரம் நிற்கும் கப்பலில் விளக்கு, குளிர்பதனம், பம்பு ஆகியவற்றுக்காக இடைவிடாது இயங்கும் டீசல் ஜெனரேட்டரின் தாழ்ந்த உறுமல் வேறு வகை. குறைந்த அதிர்வெண் கொண்ட இவ்வொலி நெடுந்தொலைவு பரவும். மூடிய ஜன்னலையும் ஊடுருவும். விதிகள் பயன்படுத்தும் அளவீடு, செவியின் உணர்திறனை ஒட்டித் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தே கணக்கிடுவதால், உறக்கம் கெட்டவரின் அனுபவம் கருவி காட்டும் எண்ணில் முழுமையாகப் பதிவாவதில்லை.

தடுப்புச் சுவர் இதற்குப் பெரிதும் உதவாது. ஒலியை அது பிறக்குமிடத்திலேயே நிறுத்துவதுதான் வழி. மத்திய துறைமுகங்கள் அமைச்சகம் 2023-இல் வெளியிட்ட 'ஹரித் சாகர்' வழிகாட்டுதல்கள் வலியுறுத்தும் கரைவழி மின்சாரம் கிடைத்தால் ஜெனரேட்டரை அணைத்துவிடலாம். காற்று மாசைக் குறைப்பதற்கான ஏற்பாடாகவே பேசப்படும் இதில், அமைதி கூடுதல் பயன். இந்திய மின்தொகுப்பு 50 ஹெர்ட்ஸில் இயங்க, பல கப்பல்கள் 60 ஹெர்ட்ஸில் இயங்குவதால் மாற்றிக் கருவிகள் தேவை, செலவும் அதிகம். கிரேன் ஓசையும் லாரிப் போக்குவரத்தும் அப்போதும் நீடிக்கும்.

வரம்பை 10 டெசிபல் அல்லது அதற்கு மேல் மீறும் ஒலி குறித்து, விதிகளின்கீழ் நியமிக்கப்பட்ட அதிகாரியிடம் குடியிருப்போர் புகார் அளிக்கலாம்.