கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்க யாருக்கு வேலை தருவார்கள்?

தென் கொரியாவில் பள்ளி விட்டதும் பிள்ளைகள் பலர் நேரே வீட்டுக்குப் போவதில்லை, ஹாக்வோனுக்குப் போகிறார்கள். நம் ஊர் டியூஷன் சென்டர்தான். கணக்கு, பியானோ, டேக்வாண்டோ என்று எதற்கும் ஒரு ஹாக்வோன் உண்டு. காசு அதிகம் புரளும் பாடங்களில் ஒன்று ஆங்கிலம். 1980-இல் ராணுவ ஆட்சி தனியார் டியூஷனுக்குத் தடை போட்டுப் பார்த்தது. 2000-இல் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. இன்று சியோலில் இரவு 10 மணிக்கு ஹாக்வோன்களை மூட வேண்டும் என்று தனி விதியே இருக்கிறது.

இங்கே ஆங்கிலம் கற்பிக்க வரும் வெளிநாட்டவர் பெரும்பாலும் ஈ-2 விசாவில் வருகிறார்கள். முதல் நிபந்தனை பாஸ்போர்ட். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாடுகளில் ஒன்றின் குடிமகனாக இருக்க வேண்டும். அடுத்தது இளங்கலைப் பட்டம். எந்தப் பாடத்தில் என்ற கேள்வியே கிடையாது. விலங்கியல் படித்தவரும் வரலாம், ஓட்டல் நிர்வாகம் படித்தவரும் வரலாம். பி.எட். போன்ற ஆசிரியப் பயிற்சியைச் சட்டம் கேட்பதில்லை. அரசுப் பள்ளிகளுக்கு ஆள் எடுக்கும் எபிக் திட்டமாவது, கல்வியியல் படிக்காதவர்களிடம் 100 மணி நேர ஆங்கிலப் பயிற்றுநர் சான்றிதழ் கேட்கிறது. ஹாக்வோனில் அது இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

காகிதங்களில்தான் கெடுபிடி. பட்டச் சான்றிதழை வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் அப்போஸ்டில் முத்திரை வேண்டும். குற்றப் பின்னணி இல்லை என்ற சான்றிதழ் தேசிய அளவில் பெற்றதாக இருக்க வேண்டும். அமெரிக்கர் என்றால் எஃப்.பி.ஐ. தந்தது. கொரியா வந்து இறங்கியதும் போதைப்பொருள் சோதனையோடு மருத்துவப் பரிசோதனை.

இந்தக் கெடுபிடிக்கு ஒரு பின்கதை உண்டு. கொரியாவில் ஆங்கிலம் கற்பித்து வந்த கனடாக்காரர் ஒருவரை, சிறுவர்களைப் பாலியல் கொடுமை செய்ததற்காக இன்டர்போல் தேடியது. 2007 அக்டோபரில் அவர் தாய்லாந்தில் பிடிபட்டார். கொரியப் பெற்றோர் கொதித்தார்கள். அதையடுத்துக் குற்றப் பின்னணிச் சான்றிதழும் எச்.ஐ.வி. பரிசோதனையும் கட்டாயமாயின. முதலாவதைக் குறை சொல்ல முடியாது. இரண்டாவதற்கும் குழந்தைகளின் பாதுகாப்புக்கும் என்ன சம்பந்தம்? அதே வேலை செய்யும் கொரியர்களுக்கும் வெளிநாட்டில் பிறந்த கொரிய வம்சாவளியினருக்கும் அந்தப் பரிசோதனை இல்லை. மறுபடி பரிசோதனைக்கு உட்பட மறுத்த நியூசிலாந்து ஆசிரியை ஒருவர் வேலையை இழந்தார். அவர் புகாரை விசாரித்த ஐ.நா. இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு 2015-இல் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2017-இல் கொரியா அந்தப் பரிசோதனையைக் கைவிட்டது.

பாஸ்போர்ட் விதி மட்டும் அப்படியே நிற்கிறது. சென்னையில் பல வருடம் ஆங்கிலம் நடத்தியவருக்கு ஹாக்வோன் கதவு திறக்காது. வகுப்பறையில் ஒரு நாளும் நின்றிராத 22 வயது அமெரிக்கருக்குத் திறக்கும். 2010-இல் நடைமுறைக்கு வந்த இந்திய - கொரியப் பொருளாதார ஒப்பந்தத்தில் ஒரு சின்னச் சந்து உண்டு. ஆசிரியத் தகுதி பெற்ற இந்தியர்கள் சாதாரணப் பள்ளிகளில் துணை ஆங்கில ஆசிரியராகலாம். ஹாக்வோன் அதில் அடங்காது. நியூ ஜெர்சியில் பிறந்த தமிழ்ப் பெண்ணுக்குச் சட்டப்படி எந்தத் தடையும் இல்லை. ஆனால் விண்ணப்பத்தோடு புகைப்படம் கேட்பது அங்கே வழக்கம். படத்தைப் பார்த்துவிட்டுப் பதிலே போடாத முதலாளியை எந்தச் சட்டப் பிரிவில் பிடிப்பது? பெற்றோர் பணம் கட்டுவது வெள்ளைக்கார முகத்துக்கும் சேர்த்துத்தான் என்று அவர் கணக்குப் போடுகிறார்.

வேலை கிடைத்தவரும் ஒப்பந்தத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஈ-2 விசா அந்த ஒரு நிலையத்தோடு கட்டியது. நடுவில் வேறிடம் மாற வேண்டுமானால் பழைய முதலாளியின் சம்மதக் கடிதம் தேவைப்படும். தங்குமிடம் பெரும்பாலும் இலவசம். ஒரு வருடம் முடித்தால் ஒரு மாதச் சம்பளம் பணிக்கொடையாகச் சேரும். அதைத் தவிர்க்கப் பதினோராவது மாதத்தில் ஆளை நிறுத்திவிடும் முதலாளிகளைப் பற்றி ஆசிரியர்கள் வெகுநாளாகப் புலம்புகிறார்கள். கையெழுத்துப் போடுமுன் அங்கே இப்போது வேலை செய்யும் வெளிநாட்டவர் ஒருவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். முதலாளி மழுப்பினால் வேறு நிலையம் பாருங்கள்.