ஏஆர்-15 ரைஃபிள்: அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பவர்களே இரண்டாகப் பிரிந்து நிற்பது ஏன்?

அமெரிக்காவில் ஒரு பள்ளியிலோ கடையிலோ துப்பாக்கிச்சூடு நடந்தால், சில மணி நேரத்திலேயே விவாதம் கிளம்பிவிடும். துப்பாக்கி வேண்டும் என்பவர்கள் ஒரு பக்கம், கட்டுப்பாடு வேண்டும் என்பவர்கள் மறுபக்கம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு சண்டை இவ்வளவுதான் என்று தோன்றும்.

ஆனால் அதிகம் வெளியே தெரியாத இன்னொரு சண்டையும் இருக்கிறது. வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் தங்களுக்குள்ளேயே போட்டுக்கொள்ளும் சண்டை அது. அதன் மையத்தில் இருப்பது ஏஆர்-15 போன்ற செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்கள்.

2017-ல் பியூ ஆய்வு மையம் நடத்திய கருத்துக்கணிப்பில், இந்த வகைத் துப்பாக்கிகளைத் தடை செய்யலாமா என்று கேட்கப்பட்டது. துப்பாக்கி இல்லாதவர்களில் 77 சதவீதம் பேர் தடை செய்யலாம் என்றார்கள். துப்பாக்கி வைத்திருப்பவர்களில் 48 சதவீதம் பேரும் அதையே சொன்னார்கள். அதாவது கிட்டத்தட்ட பாதிப் பேர்!

அப்படியென்றால் அந்தப் பாதிப் பேரின் குரல் ஏன் வெளியே கேட்பதே இல்லை?

செமி ஆட்டோமேட்டிக் என்றால் என்ன?

பழைய பாணி வேட்டைத் துப்பாக்கி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 'போல்ட் ஆக்‌ஷன்' என்று சொல்வார்கள். ஒரு முறை சுட்டதும், பக்கவாட்டில் இருக்கும் கைப்பிடியை கையால் பின்னால் இழுத்து, மறுபடி முன்னால் தள்ள வேண்டும். அப்போதுதான் காலித் தோட்டா வெளியே விழுந்து அடுத்த தோட்டா உள்ளே ஏறும்.

செமி ஆட்டோமேட்டிக்கில் இந்த வேலை இல்லை. தோட்டா வெடிக்கும் விசையைக் கொண்டே துப்பாக்கி தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரு முறை விசையை இழுத்தாக வேண்டும். விசையை அழுத்திப் பிடித்தால் சரசரவென்று சுட்டுக்கொண்டே போவது முழு தானியங்கி, அதாவது மெஷின் கன். அதற்கு 1934-லேயே அமெரிக்கா கடும் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 1986-க்குப் பிறகு தயாரானவற்றைப் பொதுமக்கள் வாங்கவே முடியாது.

ஏஆர்-15-ல் உள்ள 'ஏஆர்' என்பது 'அசால்ட் ரைஃபிள்' என்பதன் சுருக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. 1950-களின் பிற்பகுதியில் இதை வடிவமைத்த ஆர்மலைட் நிறுவனத்தின் பெயர்தான் அது. வடிவமைத்தவர் யூஜின் ஸ்டோனர். 1959-ல் உரிமை கோல்ட் நிறுவனத்துக்குப் போனது. ராணுவத்துக்குப் போன வடிவம் எம்-16 ஆனது. செமி ஆட்டோமேட்டிக் வடிவம் 1960-களில் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தது.

வேட்டைக்காரர்கள் சொல்வது என்ன?

அமெரிக்காவில் வேட்டை ஒரு பெரிய பாரம்பரியம். தாத்தா கொடுத்த மரக்கட்டைத் துப்பாக்கியோடு மான் வேட்டைக்குப் போகும் குடும்பங்கள் ஏராளம். அவர்களில் ஒரு பிரிவினரின் வாதம் எளிமையானது: 'ஒரு மானை வீழ்த்த ஒரு தோட்டா போதும். 30 தோட்டா அடைக்கும் மேகசின் எதுக்கு?'

கட்டுப்பாடு என்பது இவர்களுக்குப் புதிதல்ல. வாத்து போன்ற வலசைப் பறவைகளைச் சுடும் துப்பாக்கியில் மூன்று தோட்டாக்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய விதி 1935-லிருந்து இருக்கிறது. துப்பாக்கி, தோட்டா விற்பனையில் வசூலாகும் தனி வரி 1937-ம் ஆண்டு சட்டப்படி வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது. வேட்டைக்காரர்கள் இதைப் பெருமையாகவே சொல்வார்கள். பென்சில்வேனியாவில் 2017-ல்தான் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளுக்கு வேட்டையில் அனுமதி கிடைத்தது. அதுவும் சிறு விலங்குகளுக்கு மட்டும், மானுக்கு இல்லை.

ஏஆர்-15 வைத்திருப்பவர்கள் சொல்வது என்ன?

எதிர்த்தரப்பின் வாதமும் லேசானதல்ல. 'கறுப்பாக, ராணுவத் துப்பாக்கி மாதிரி இருக்கிறது என்பதற்காக பயப்படுகிறீர்கள். உள்ளே இருக்கும் இயந்திரம் நீங்கள் வைத்திருக்கும் பல வேட்டைத் துப்பாக்கிகளில் இருப்பதுதானே?' என்று கேட்கிறார்கள்.

இதற்கு அவர்கள் காட்டும் உதாரணம் 1994-ல் வந்த மத்திய தடைச் சட்டம். சில மாடல்களைப் பெயர் சொல்லியும், பிஸ்டல் போன்ற கைப்பிடி, மடக்கும் கட்டை, கத்தி பொருத்தும் இடம் போன்ற அம்சங்களை வைத்தும் அந்தச் சட்டம் தடை விதித்தது. அதே சட்டம் ரூகர் மினி-14 என்ற ரைஃபிளின் சாதாரண வடிவத்துக்கு விலக்கு அளித்தது. மினி-14 சுடுவதும் ஏஆர்-15 சுடுவதும் ஒரே அளவு தோட்டாதான். தயாரிப்பாளர்களும் ஒன்றிரண்டு பாகங்களை மாற்றிவிட்டு விற்பனையைத் தொடர்ந்தார்கள். 2004-ல் அந்தச் சட்டம் காலாவதியானது.

பின்னடி குறைவு, எடை குறைவு, உயரத்துக்கு ஏற்றபடி கட்டையை நீட்டிக் குறைக்கலாம், அதனால் பெண்களுக்கும் உடல் வலு குறைந்தவர்களுக்கும் கையாள எளிது என்பதும் இவர்கள் வாதம். துப்பாக்கிக் கொலைகளில் பெரும்பாலானவை கைத்துப்பாக்கியால் நடப்பவை, ரைஃபிளால் நடப்பவை குறைவு என்றும் சுட்டிக்காட்டுகிறார்கள். அது உண்மையும்கூட. அதே நேரம், 2012-ல் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும், 2018-ல் பார்க்லேண்ட் பள்ளியில் 17 பேரும் கொல்லப்பட்டது இந்த வகை ரைஃபிளால்தான்.

ஒரு வார்த்தையால் போன வேலை

இரு தரப்பும் நேருக்கு நேர் மோதிய சம்பவம் 2007 பிப்ரவரியில் நடந்தது. ஜிம் ஸம்போ, அமெரிக்காவில் வேட்டை பற்றி எழுதுபவர்களில் மிகப் பிரபலமானவர். 'அவுட்டோர் லைஃப்' என்ற பழம்பெரும் இதழில் பல ஆண்டுகள் எழுதியவர், சொந்தமாக டிவி நிகழ்ச்சியும் நடத்தியவர்.

வயோமிங்கில் கயோட்டி வேட்டைக்குப் போயிருந்தபோது, சிலர் அதற்கு ஏஆர் ரைஃபிள் பயன்படுத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு பதிவு எழுதினார். வேட்டையில் இவற்றுக்கு இடமில்லை, காடுகளில் தடை செய்ய வேண்டும் என்றார். அத்தோடு நிறுத்தியிருந்தால் ஒருவேளை வாதமாகப் போயிருக்கும். ஆனால் அவற்றை 'பயங்கரவாதிகளின் துப்பாக்கி' என்ற பொருளில் குறிப்பிட்டுவிட்டார்.

லட்சக்கணக்கான ஏஆர் உரிமையாளர்களுக்கு அது 'உன்னைப் பயங்கரவாதி என்கிறேன்' என்று காதில் விழுந்தது. எதிர்ப்பு வெள்ளமாக வந்தது. ஸம்போ உடனே மன்னிப்புக் கேட்டார். பலனில்லை. ரெமிங்டன் நிறுவனம் ஸ்பான்சரை நிறுத்தியது. இதழுடனான உறவு முடிந்தது. டிவி நிகழ்ச்சி நின்றது. தேசிய ரைஃபிள் சங்கமான என்ஆர்ஏ-வும் தொழில்முறை உறவை நிறுத்திவைத்தது. எல்லாம் சில நாட்களுக்குள்!

இதில் இன்னொரு திருப்பம். மறு ஆண்டே, 2008-ல், அதே ரெமிங்டன் நிறுவனம் வேட்டைக்காரர்களுக்காக ஏஆர் பாணி ரைஃபிள் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

ஸம்போவுக்குக் கை கொடுத்தவர் யார் தெரியுமா? துப்பாக்கி உரிமைக்காக மிகக் கடுமையாகப் பேசும் ராக் பாடகர் டெட் நூஜென்ட். டெக்சாஸில் உள்ள தன் பண்ணைக்கு ஸம்போவை அழைத்து, ஏஆர் ரைஃபிளைக் கையில் கொடுத்து சுட வைத்தார். திட்டி விரட்டுவதற்குப் பதிலாகக் கூப்பிட்டுப் பேசிய அபூர்வமான தருணம் அது.

மரியாதையாகச் சொன்னாலும் அதே முடிவு

பிரச்சினை ஸம்போ பயன்படுத்திய வார்த்தை மட்டும்தானா? இந்தக் கேள்விக்கு 2013-ல் பதில் கிடைத்தது.

'கன்ஸ் அண்ட் அம்மோ' இதழின் மூத்த எழுத்தாளர் டிக் மெட்காஃப், அந்த ஆண்டு டிசம்பர் இதழில் ஒரு பத்தி எழுதினார். அவர் யாரையும் வசைபாடவில்லை. எந்தத் துப்பாக்கியையும் தடை செய்யச் சொல்லவும் இல்லை. எல்லா அரசியல் சாசன உரிமைகளுக்கும் ஏதோ ஒரு ஒழுங்குமுறை இருக்கிறது, துப்பாக்கி எடுத்துச் செல்ல 16 மணி நேரப் பயிற்சி கேட்பது உரிமை மீறல் ஆகாது என்பதே அவர் வாதம்.

அவருக்கும் வேலை போனது. அதை வெளியிட்ட ஆசிரியர் வாசகர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பொறுப்பிலிருந்து விலகினார்.

ஒருவர் கடுமையாகப் பேசினார், இன்னொருவர் நாகரிகமாகப் பேசினார். இருவருக்கும் ஒரே தண்டனை. அந்தத் துறையில் இருக்கும் மற்றவர்கள் இதிலிருந்து என்ன பாடம் கற்றிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. வாயைத் திறக்காமல் இருப்பதே பாதுகாப்பு.

ஏன் இவ்வளவு கோபம்?

இதை வெறும் முரட்டுத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. பின்னணியில் ஒரு பயம் இருக்கிறது. 'இன்று இதை விட்டுக்கொடுத்தால் நாளை எல்லாம் போகும்' என்பதுதான் அது.

அதற்கு அவர்கள் ஆஸ்திரேலியாவைக் காட்டுகிறார்கள். 1996-ல் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்ட பிறகு, அங்கு செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்களோடு விவசாயிகளும் வேட்டைக்காரர்களும் வைத்திருந்த சிறிய ரகத் துப்பாக்கிகள் பலவும் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை அரசு பணம் கொடுத்துத் திரும்ப வாங்கி அழித்தது. கட்டுப்பாடு கேட்பவர்களுக்கு இது வெற்றிக்கதை. அமெரிக்க துப்பாக்கி உரிமையாளர்கள் பலருக்கு இது எச்சரிக்கை மணி.

எனவே உள்ளிருந்து ஒருவர் மாற்றிப் பேசினால், அதைக் கருத்து வேறுபாடாகப் பார்ப்பதில்லை, துரோகமாகப் பார்க்கிறார்கள். 1989-ல் தடைக்குப் பதிலாக மேகசினை 15 தோட்டாக்களோடு நிறுத்தலாம் என்று எம்.பி.க்களுக்குக் கடிதம் எழுதினார் துப்பாக்கித் தயாரிப்பாளர் வில்லியம் ரூகர். அதற்காக அவரை இன்றுவரை திட்டுபவர்கள் உண்டு. 'எனக்கு வேட்டைத் துப்பாக்கி இருந்தால் போதும்' என்பவர்களைக் கேலி செய்ய 'ஃபட்' என்றே ஒரு பட்டப்பெயர் இருக்கிறது. பக்ஸ் பன்னி கார்ட்டூனில் முயலைத் துரத்தி ஏமாறும் எல்மர் ஃபட்தான் அந்த ஃபட். ஒரு பக்கம் 'பயங்கரவாதி', மறுபக்கம் 'ஃபட்'. பட்டப்பெயரோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

தலைமுறை மாற்றமும் ஒரு காரணம். துப்பாக்கி வைத்திருப்பதற்கு முக்கியக் காரணம் வேட்டை என்று 1999-ல் 49 சதவீதம் பேர் சொன்னார்கள். 2013-ல் அது 32 சதவீதம். அதே காலத்தில் தற்காப்பு என்றவர்கள் 26-லிருந்து 48 சதவீதம் ஆனார்கள். வேட்டைக்காரர்கள் முதலிடத்தை இழந்துவிட்டார்கள்.

அரசியலில் என்ன நடக்கிறது?

2022 மே மாதம் பஃபலோ நகர சூப்பர் மார்க்கெட்டில் 10 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்தப் பகுதியின் குடியரசுக் கட்சி எம்.பி. கிறிஸ் ஜேக்கப்ஸ், இவ்வகை ரைஃபிள் தடையை ஆதரிப்பேன் என்று அறிவித்தார். சொந்தக் கட்சியிலேயே எதிர்ப்பு. சுமார் ஒரு வாரத்தில் மறுதேர்தலில் போட்டியில்லை என்று விலகினார்.

எல்லோருக்கும் இப்படித்தான் நடக்கும் என்றும் இல்லை. ஆப்கானிஸ்தான் போரில் இரு கால்களையும் இழந்த முன்னாள் ராணுவ வீரர் பிரையன் மாஸ்ட், குடியரசுக் கட்சி எம்.பி. பார்க்லேண்ட் சம்பவத்துக்குப் பிறகு ஏஆர்-15 விற்பனைக்குத் தடை கேட்டார். அந்த ஆண்டு நவம்பர் தேர்தலில் அவரே மீண்டும் ஜெயித்தார்.

பேசித் தீர்த்த இடம் உண்டா?

ரைஃபிள் விஷயத்தில் இல்லை. ஆனால் பக்கத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. அமெரிக்காவில் துப்பாக்கியால் நிகழும் மரணங்களில் பாதிக்கு மேல் தற்கொலைகள். 2009-ல் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரே கடையில் வெவ்வேறு நாளில் துப்பாக்கி வாங்கிய மூன்று பேர், ஒரு வாரத்துக்குள் தற்கொலை செய்துகொண்டனர்.

அதன் பிறகு அந்த மாநிலத்தின் துப்பாக்கிக் கடைக்காரர்களும் பொதுச் சுகாதார நிபுணர்களும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். தடை பற்றிப் பேசவில்லை, யாரையும் குற்றம் சொல்லவில்லை. மன உளைச்சலில் வரும் வாடிக்கையாளரை எப்படி அடையாளம் காண்பது, எப்போது விற்க மறுப்பது என்று வழிகாட்டுதல் தயாரித்தார்கள். பிறகு மற்ற மாநிலங்களும் இதைப் பின்பற்றின.

அடுத்து என்ன?

இன்று சுமார் 10 மாநிலங்கள் இவ்வகை ரைஃபிள் விற்பனைக்குத் தடை விதித்துள்ளன. மேரிலாந்து மாநிலத்தின் தடையை எதிர்த்த வழக்கை 2025 ஜூனில் விசாரிக்க உச்ச நீதிமன்றம் மறுத்தது. ஆனால் ஓரிரு ஆண்டுகளில் இந்தக் கேள்வியை நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நீதிபதி பிரெட் கேவனா அப்போதே குறிப்பிட்டார்.

அந்த வழக்கு வரும்போது, துப்பாக்கி உரிமையாளர்கள் அனைவரின் சார்பிலும் பேசுவதாகச் சங்கங்கள் வாதாடும். தடை கேட்பவர்கள், உரிமையாளர்களிலேயே பலர் தங்கள் பக்கம் என்பார்கள். உண்மையில் அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை, வேலைக்கும் பெயருக்கும் பயப்படாமல் அவர்களே தங்களுக்குள் பேசினால்தான் மற்றவர்களுக்கும் தெரியவரும்.